மூலையில் வளர்ந்த கொக்கி

கம்பி ஒடிந்த சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

நல்ல உலோகம் அறுந்துபோவதற்கு ஒரு மரியாதை உண்டு. இழுவை இயந்திரத்தின் தாடைகளுக்கு நடுவே மாட்டி இழுத்தால் முதலில் கொஞ்சம் நீளும். பிறகு நடுவில் இடுப்பு சிறுத்ததுபோல் ஒடுங்கும். நான் போகப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். இந்தக் கம்பி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாக்பீஸ் மாதிரி டக்கென்று இரண்டாகிவிட்டது. கணினித் திரையில் மேலே ஏறவேண்டிய கோடு பாதி மேடுகூட ஏறாமல் செத்துக் கிடந்தது.

தாடையில் கோணலாக மாட்டிவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே தட்டில் வளர்ந்த இன்னொரு கம்பியை எடுத்து மட்டம் பார்த்து மாட்டினாள். அதுவும் டக். அடுத்ததும் அப்படியே. ஒடிந்ததையெல்லாம் மேசைமேல் நிறுத்தி வைத்துப் பார்த்தாள். அத்தனையும் ஒரே உயரத்தில் ஒடிந்திருந்தன, அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தாளடிகள் மாதிரி.

அவள் உலோக ஆராய்ச்சிக்காரி. உலோகத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி அடுக்கியிருந்தால் பலம், எப்படி அடுக்கியிருந்தால் ஆபத்து என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது அவள் பிழைப்பு. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய இயந்திரம் இருந்தது. காற்றுக்குப் பதில் வேறு வாயு நிரப்பிய அறைக்குள், தட்டு ஒன்றின்மேல் டைட்டானியப் பொடியை மாவு தூவுவதுபோல் மெல்லிசாகப் பரப்பும். லேசர் வந்து வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி இறுக்கும். அதன்மேல் அடுத்த அடுக்குப் பொடி, மறுபடி லேசர். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருள் செடிபோல் வளரும். கடைசியில் பொடியை உதறிவிட்டால் தட்டின்மேல் கம்பிகள் வரிசையாக நிற்கும். விமானத்துக்கும், மனுஷனின் உடைந்த எலும்புக்கும் இப்படித்தான் இனிமேல் பாகம் செய்யப்போகிறோம் என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிறார்கள். பேசட்டும்.

ஒடியாமல் மிச்சமிருந்த கம்பி ஒன்றை, மற்றவை ஒடிந்த அதே உயரத்தில் நெடுக்காகப் பிளந்தாள். பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றி, அமிலத்தில் ஒரு கணம் காட்டிக் கழுவி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

சரியாக வளர்ந்த டைட்டானியத்தில் உலோகத்தின் நுண்மணிகள் கீழிருந்து மேலாகப் பயிர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். ஒரு அடுக்கில் தொடங்கியது அடுத்த அடுக்குக்குள் புகுந்து இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு போகும். பலமெல்லாம் அந்தத் தையலில்தான். இங்கே ஒரு மட்டத்தில் பயிர் மொத்தமும் நின்றுபோயிருந்தது. அதற்கு மேலே புதிதாக வேறு பயிர். இரண்டுக்கும் நடுவில் தட்டையாகக் கறுப்பு இடைவெளிகள். சில இடைவெளிகளுக்குள் உருகாத பொடி, கடுகு உருண்டைகளாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

மேலே பார்த்தால் ஒரே கம்பி. உள்ளே பார்த்தால் ஒட்டாத இரண்டு கம்பி.

இயந்திரம் ஓட்டுகிறவரிடம் போனாள். அவர் முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு பொடி சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் கம்பி வளர்ந்துச்சே, அந்தத் தட்டு ஓடும்போது மெஷின் நடுவுல நின்னுச்சா?"

"அது பாட்டுக்கு ஓடுச்சு மேடம். நிக்கவெல்லாம் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. உள்ள ஒரு கோடு கெடக்கு. மெஷின் ஆறி, திரும்ப ஓடினாத்தான் அப்படி வரும்."

சலிப்பது நின்றது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சல்லடையைப் பார்த்தே பேசினார்.

"வாயு சிலிண்டர் தீர்ந்துபோச்சு மேடம். புதுசு கொண்டுவர்றதுக்குள்ள எல்லாம் ஆறிப்போச்சு. விட்ட இடத்துலேர்ந்து திரும்ப ஓட்டினேன். மேல பாத்தா ஒண்ணுமே தெரியலையே! பளபளன்னு வந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா தலைவர் தட்டைத் தூக்கிக் குப்பையில போடுன்னு சொல்வாரு. திட்டு யாரு வாங்குறது, நீங்களா வாங்குவீங்க?"

ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து மைக்ரோஸ்கோப்புக்கு ஓடிவந்து, குனிந்து பார்த்துக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்தார்.

"அடடே, தேடினாலும் கெடைக்காதும்மா இது! நின்ன எடத்துல உள்ளமைப்பு எப்படி மாறுது, பலம் எப்படிப் போகுது... அருமையான கட்டுரை ஆச்சே! அந்தத் தட்டுல வந்தது எல்லாத்தையும் எடுத்து வை. ஒண்ணையும் விடாதே."

"சரி சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். எல்லாத்தையும் என்ற சொல் கூடவே வந்தது. வாசற்படியைத் தாண்டும்போது அவள் நின்றாள்.

அந்தத் தட்டில் கம்பிகள் மட்டும் வளரவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சோதனைக் கம்பிகளுக்கு இடம் ஒதுக்கியதுபோகத் தட்டின் மூலை காலியாகக் கிடக்கும். அதை வீணடிப்பானேன் என்று முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு தட்டில், அவரவர் ஆசைக்கு ஒன்றை அந்த மூலையில் வளர்த்துக்கொள்வார்கள். ஒருவர் பாட்டில் மூடி திறக்கிற சாவி செய்துகொண்டார். தலைவர் தன் மேசைக்கு ஒரு ஆமை வளர்த்தார். அந்தத் தட்டில் மூலை அவளுடைய முறை. அவள் கொக்கி வளர்த்தாள். கயிற்று வேலைக்காரர்கள் இடுப்பில் மாட்டுகிற கொக்கி. தம்பிக்காக.

தம்பி உயரக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிறவன். சுவரோடு சுவராக ஒட்டிக் கிடப்பதால் எல்லாரும் அவனைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற தாயும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் அக்காவுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒருநாள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, "இத்தனை வருஷமா உத்து உத்துப் பாக்குறியே பூதக்கண்ணாடி, உன் ஆராய்ச்சியில வாளி மாட்டுற கொக்கியாவது ஒண்ணு வந்துச்சா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது சுருக்கென்று உள்ளே தைத்துவிட்டது.

அதனால்தான் கொக்கி. வாய்க் கதவையும் ஸ்பிரிங்கையும் தனியாக வாங்கி மாட்டி, மெருகேற்றி, அவன் கையில் வைத்தபோது அவன் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, காத்து மாதிரி இருக்கு. ஒரு ஆளைத் தாங்குமா?" என்றான். "பத்து ஆளைத் தாங்கும்" என்றாள். அவள் போட்ட கணக்கு அப்படித்தான் சொன்னது. கணக்கு, ஒழுங்காக வளர்ந்த டைட்டானியத்துக்குப் போட்டது. இது இழுத்துச் சோதிக்காதது, ஆளைத் தொங்கவிடாதே என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் தம்பி மனைவி, "அக்கான்னா அக்காதான்!" என்றாள். எடுத்த வாய் மூடிக்கொண்டது. பாராட்டுக்குக் குறுக்கே உண்மையைப் போட யாருக்கு மனசு வரும்?

தன் மேசைக்கு ஓடினாள். கொக்கியின் வரைபடத்தைத் திரையில் திறந்து, தட்டிலிருந்து கம்பிகள் ஒடிந்த உயரத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். கோடு கொக்கியின் வளைவுக்குள், கயிறு உட்கார்ந்து இழுக்கிற அந்த இடத்திலேயே போயிற்று. ஏதாவது தப்பாக அளந்திருக்கவேண்டும் என்று மறுபடி அளந்தாள். வேறு எங்காவது போ, வாய்ப்பக்கம் போ, தலைப்பக்கம் போ என்று மனசுக்குள் கெஞ்சினாள். கோடு அசையவில்லை.

தம்பிக்குப் போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. எடுக்கமாட்டான் என்று அவளுக்கே தெரியும். மேலிருந்து கைதவறி விழுகிற போன் கீழே நடக்கிறவன் மண்டையைப் பிளந்துவிடும் என்று போன்களையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கயிற்றில் இறங்குவார்கள். தம்பி மனைவிக்கு அடித்தாள்.

"என்னக்கா, வேலை நேரத்துல? அதிசயமா இருக்கு!"

"அவன் இன்னைக்கு எங்க வேலை?"

"ஏதோ கண்ணாடிக் கட்டடம்னாரு. எல்லாமே கண்ணாடிக் கட்டடம்தானே அவருக்கு. ஏன்க்கா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மேஸ்திரி நம்பர் இருக்கா?"

"அக்கா, என்னன்னு சொல்லுங்க. அவருக்கு ஏதும் ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல! நம்பரைக் குடு."

அதட்டியதும் அந்தப் பக்கம் அழுகைக்குப் போகிற மூச்சுச் சத்தம் கேட்டது. ஆனாலும் நம்பரைச் சொன்னாள். மேஸ்திரி எடுத்தான். எங்கே வேலை என்று கேட்டதும் கட்டடத்தின் பெயரைச் சொன்னான். பின்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"பல்லி அக்காவா? அவன் தொங்கிட்டு இருக்கான். சாப்பாட்டுக்கு ஏறுவான், அப்ப பேசுங்க."

"உடனே மேல ஏத்துங்க. அவன் மாட்டியிருக்குற கொக்கி சரியில்ல."

"என்னம்மா சொல்றீங்க? காலையிலேர்ந்து நல்லாத்தான தொங்குறான்."

"அண்ணே, உங்க கால்ல விழறேன், ஏத்துங்க!"

"கேக்கலம்மா... காத்து..." கட் ஆகிவிட்டது. அவனே கட் செய்தானா, காற்று செய்ததா, அது அவனுக்குத்தான் வெளிச்சம். கட்டடத்தின் பெயரை மட்டும் முன்பே சொல்லியிருந்தான். நல்லவேளை, ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துச் சாலைதான்.

வாடகைக் கார் பிடித்துப் போனாள். வழியெல்லாம் அவள் கண்ணுக்குப் பட்டதெல்லாம் தொங்குகிற பொருளாகவே இருந்தது. கம்பத்தில் சிக்னல் விளக்கு, மாடியில் பூந்தொட்டி, காரின் கண்ணாடியில் ஓட்டுநர் மாட்டிய சின்னச் செருப்புப் பொம்மை. எல்லாவற்றையும் பிடித்திருப்பது எங்கோ ஒரு வளைவு. அந்த வளைவுக்குள் மணிமணியாக எதெதோ. அதைப் பார்த்தவர் யார்? தன் தொழிலிலேயே முதல்தடவையாக அவளுக்குப் பார்க்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றியது. கார் ஒரு பள்ளத்தில் குலுங்கியபோது, கொக்கி அறுந்தது மாதிரி "ஐயோ" என்று கத்திவிட்டாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான்.

"என்னம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?"

"இல்ல. நீ வேகமாப் போ. இல்ல, மெதுவாப் போ."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

கட்டடத்தின் முன்னால் இறங்கியதும் அவள் முதலில் பார்த்தது தரையைத்தான். கூட்டம் கூடியிருக்கிறதா என்று. கூட்டமில்லை. ஆட்கள் கையில் காப்பிக் கோப்பையோடு சாவதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து வந்த நிம்மதி லிப்ட்டுக்குள் ஏறியதும் போய்விட்டது. லிப்ட்டும் கயிற்றில்தானே போகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

மொட்டைமாடியில் காற்று ஆளைத் தள்ளியது. மேஸ்திரி இரும்புச் சட்டத்தின் பக்கத்தில் நின்று ஏதோ கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. கயிறு கட்டியிருந்த பக்கமாக ஓடிக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்தாள்.

பல்லி இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே பலகையில் உட்கார்ந்து கண்ணாடியில் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தான். கத்தினால் திடுக்கிட்டு ஆடிவிடுவானோ என்று பயந்து குரலைத் தாழ்த்தினாள். "தம்பி" என்று கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவன் நிமிர்ந்தான்.

"அட, பூதக்கண்ணாடி! இங்கேயும் வந்துட்டியா? கண்ணாடியில அழுக்கு இருக்கான்னு பாக்க ஆள் வெச்சுட்டாங்களா?"

"ஆடாதே. அசையாதே. கொக்கி எங்கடா?"

"எந்தக் கொக்கி?"

"நான் குடுத்தது!"

அவள் கண் அவன் இடுப்பைத் தேடியது. அங்கே மாட்டியிருந்தது கறுத்துப்போன பழைய இரும்புக் கொக்கி.

"ஓ, அதுவா. புதுசா வந்த நெட்டைக்குக் குடுத்துட்டேன்க்கா. அவன் கொக்கி வாய் மூடமாட்டேங்குதுன்னு புலம்பினான். பத்து ஆளைத் தாங்கும்னு சொல்லிக் குடுத்தேன்."

"அப்பாடா!" என்றாள்.

வாய்விட்டுச் சொன்னாள். சொல்லும்போது சிரிப்புகூட வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தம்பி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இருந்த அந்த நேரத்திலேயே அவளுக்கு உறைத்தது. கொக்கி எங்கேயும் போய்விடவில்லை. இன்னொருவன் இடுப்பில் இருக்கிறது. அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள், இல்லாவிட்டால் யாராவது இருப்பார்கள்.

"நெட்டை எங்கடா?"

"அந்தப் பக்கச் சுவத்துல. ஏன்க்கா? அதுல என்ன?"

"உடைஞ்சிடும்டா."

பல்லி கயிற்றைப் பிடித்து ஏறி, சுவரைத் தாண்டிக் குதித்து, அவளுக்கு முன்னால் ஓடினான்.

நெட்டை அந்த வேலைக்குப் புதிது. கையும் காலும் நீளம், அதனால் எல்லாரையும்விட அகலமாகத் துடைப்பான் என்று மேஸ்திரிக்கு அவன்மேல் பிரியம். எட்டாத மூலைக்குக் கண்ணாடியைக் காலால் உதைத்து, ஊஞ்சல் மாதிரி ஆடிப் போய்த் துடைத்துவிட்டுத் திரும்புவான். மேலே இருந்து பார்த்தபோது அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பாட்டு வேறு. ஒவ்வொரு உதைக்கும் கயிறு வெடுக்கென்று இழுத்தது. அவன் இடுப்பில் வெள்ளியாக மின்னியது அவள் கொக்கி. ஆளுக்கு இரண்டு கயிறு போடவேண்டும் என்று கீழே வாசலில் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்கள். இரண்டாவது கயிற்றில் தண்ணீர் வாளி தொங்கிக்கொண்டிருந்தது.

"பலகை எழுதினவன் இங்க வந்து தொங்கட்டும்" என்று மேஸ்திரி முணுமுணுத்தான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு, வாளியை இழுத்தேற்றி அவிழ்த்தான்.

"மெதுவா இழுத்து ஏத்திடலாமா?" என்று பல்லி கேட்டான்.

"இழுத்தா வெடுக்குனு வாங்கும். அதுக்கு வளையத் தெரியாதுடா, ஒடியத்தான் தெரியும். இன்னொரு கயிறை அவன் இடுப்புல மாட்டி, பாரத்தை அதுக்கு மாத்தணும்."

"அவனா மாட்டிக்க மாட்டான். புது ஆள், பயந்து துள்ளுவான். நான் எறங்குறேன்."

அவன் தன் கயிற்றைச் சட்டத்தில் மாட்டினான். சட்டென்று அவள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். போகாதே என்று வாய் சொல்லவில்லை. கைதான் சொன்னது. பல்லி அந்தக் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"விடுக்கா. அவனுக்கு ரெண்டு பொண்ணு."

விட்டாள்.

வாளி தொங்கிய கயிற்றின் நுனியில் ஒரு இரும்புக் கொக்கியை மாட்டி எடுத்துக்கொண்டு, பல்லி கண்ணாடியை உரசிக்கொண்டு இறங்கினான். நெட்டை பாட்டை நிறுத்தினான்.

"என்னடா பல்லி, என் சுவத்துலயும் பங்கு கேட்டு வந்துட்டியா?"

"ஆமா. நீ கொஞ்சம் ஆடாம இரு."

"நான் ஆடாம இருந்தா அந்த மூலையை உங்க தாத்தாவா தொடைப்பாரு?"

"நெட்டை, விளையாடலடா. சிலை மாதிரி இரு. மூச்சை மட்டும் விடு."

நெட்டை மேலே பார்த்தான். சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள், நடுவில் தெரியாத பொம்பளை ஒருத்தி, முகம் வெளுத்து. அவனுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துடைப்புக் கட்டையை நழுவவிட்டான். அது சுழன்றுகொண்டே போனது. அது கீழே போய்ச் சேருகிறவரை அவள் மூச்சு விடவில்லை. நல்லவேளை, செடிப் பாத்தியில் விழுந்தது.

"கயித்தைப் பிடிக்கவா?" என்றான் நெட்டை. குரல் குழந்தைக் குரலாகிவிட்டிருந்தது.

"எதையும் பிடிக்காதே. என்னையும் பிடிக்காதே."

பல்லி எட்டினான். எட்டவில்லை. காலைக் கண்ணாடியில் ஊன்றி ஒரு முழம் நகர்ந்தான். இரும்புக் கொக்கி நெட்டையின் இடுப்பு வாரில் உரசி நழுவியது. மேலே யாரோ சாமியைக் கூப்பிட்டார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. அந்த வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும் கடுகு உருண்டைகளை, மைக்ரோஸ்கோப் இல்லாமலே, பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்கள், இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று அவற்றிடம் கெஞ்சினாள். ஒட்டாத பொடியிடம் போய்க் கெஞ்சுகிற நிலைமை.

கிளிக்.

"இழுங்க!" என்று பல்லி கத்தினான். மேஸ்திரியும் மற்றவர்களும் புதுக் கயிற்றை இறுக்கினார்கள். வெள்ளிக் கொக்கியில் மாட்டிய பழைய கயிறு தொய்ந்தது. தொய்வதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தன் நகம் உள்ளங்கையைக் கிழித்திருப்பது தெரிந்தது.

மாடிக்கு வந்ததும் நெட்டை கொக்கியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது.

"இதுக்கு என்ன கொறைச்சல்? நல்லாத்தான இருக்கு!"

கொக்கி கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போனது. ஒரு கீறல் இல்லை. மேஸ்திரி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான்.

"அரைநாள் வேலை போச்சும்மா உங்களால. படிச்சவங்க பயந்தா நாங்களும் பயப்படணுமா? டேய், தண்ணி பீப்பாயை எடுத்துட்டு வாங்கடா. இன்னைக்குப் பாத்துடுவோம்."

சட்டத்தில் கொக்கியை மாட்டி, அதில் பீப்பாயைத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டு, குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஏறியது. பாதி. முக்கால். அவளுக்கு எதை வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. ஒடியாவிட்டால் அவள் பைத்தியக்காரி, கொக்கி மறுபடி யாராவது இடுப்புக்குப் போகும். ஒடிந்தால், அதில் ஒரு மனுஷனைத் தொங்கவிட்டவள் அவள். பீப்பாய் நிறைந்து வழிந்தது. கொக்கி கம்மென்று இருந்தது. யாரோ கைதட்டினார்கள்.

"பாத்தீங்களா?" என்றான் மேஸ்திரி. "நெட்டையைவிட ரெண்டு பங்கு கனம்!"

"சும்மா தொங்குறது வேற, ஆடுறது வேற" என்றாள். அவள் குரல் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"நாங்க இப்படித்தான் ஆடுவோம்" என்று சொல்லி நெட்டை காலைத் தூக்கிப் பீப்பாயை ஒரு உதை விட்டான். கண்ணாடியை உதைக்கிற அதே உதை. பீப்பாய் போய்த் திரும்பியது.

டக்.

காலையில் கேட்ட அதே சத்தம். பீப்பாய் தரையில் விழுந்து உருண்டு, தண்ணீர் எல்லார் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. சட்டத்தில் பாதிக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. ஒடிந்த முகம் வெட்டிய சோப்பு மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. கொஞ்சமும் நீளவில்லை, வளையவில்லை.

நெட்டை ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பல்லியைப் பார்த்துக் கேட்டான்.

"யாருடா செஞ்சது இதை?"

பல்லி வாய் திறந்தான். என்ன பொய் சொல்லவிருந்தானோ, அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான். சோதிச்சுப் பாக்காம குடுத்தேன்."

நெட்டை அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அறைவான் என்றுகூட எதிர்பார்த்தாள். அவன் எழுந்தான், வாரைக் கழற்றித் தரையில் போட்டான்.

"வந்தீங்களே. வராம போயிருந்தா..." என்று தொடங்கினவன் முடிக்கவில்லை. "நான் வீட்டுக்குப் போறேன் மேஸ்திரி."

"லிப்ட்டு கீழ நிக்குதுடா, இரு."

"கயித்துல தொங்குற எதுவும் எனக்கு இன்னைக்கு வேணாம்." படிக்கட்டுக் கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தட்டிப் பார்த்து இறங்கிப்போனான். அந்தத் தட்டல் ரொம்ப நேரம் கேட்டது.

மேஸ்திரி மற்றவர்களை விரட்டித் தண்ணீரைத் தள்ளச் சொன்னான். பல்லி அவள் எதிரில் வந்து குந்தினான். இடுப்பு வாரிலிருந்த இரும்புக் கொக்கிகளைக் கழற்றி ஒவ்வொன்றாக அவள் முன்னால் வைத்தான்.

"பாத்துச் சொல்லு."

"என்னத்தைடா?"

"இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு. அதானே உன் வேலை."

கேலி இல்லை அவன் குரலில். கேலி இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். தயாரித்தவர்களின் முத்திரை இருந்தது.

"இது கம்பெனியில செஞ்சதுடா. ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்களா, பாத்தாங்களா?"

நேற்றுவரை இந்தக் கேள்விக்குத் தலையைத் தூக்காமலே பதில் சொல்லியிருப்பாள். முத்திரை போடுகிறவன் முகம் அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் வாயு தீர்ந்திருக்கலாம், திட்டுக்குப் பயந்திருக்கலாம்.

"மேல பாத்தா தெரியாதுடா. அறுத்து உள்ள பாத்தாத்தான் தெரியும்."

"அறுத்துட்டா அப்புறம் எதுல தொங்குறது?"

உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டான். பிறகு கொக்கிகளை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டான். கடைசிக் கொக்கியைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இதுவரை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"இன்னைக்கு எறங்காதடா."

"நாளைக்கு மட்டும் தெரிஞ்சிடுமா?" என்று எழுந்தான். "பாதிச் சுவத்துல நுரை காஞ்சுட்டு இருக்கு."

மேஸ்திரி இந்தத் தடவை யாரும் சொல்லாமலே இரண்டாவது கயிற்றையும் கொண்டுவந்து கட்டினான். பல்லி சுவரைத் தாண்டிக் காலைப் போட்டு, அந்தப் பக்கம் மறைந்தான்.

அவள் எட்டிப் பார்க்கவில்லை. சுவரின்மேல் இறுகிக் கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தன் பிடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கீழே அவன் நகரும்போதெல்லாம் கயிற்றில் ஒரு அதிர்வு ஏறிவந்து உள்ளங்கைக் காயத்தில் எரிந்தது. நின்றபோது, அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது. மறுபடி நின்றது. மறுபடி காத்திருந்தாள்.